நான் ஏழு முறை வாசித்த கடிதம்

மாதா துணை

நவம்பர், சனிக்கிழமை காலை

அன்பு மகள் ஜானிஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் புண்ணியத்தில் இந்த நிமிடம் வரை நாங்கள் எல்லோரும் சுகம், அங்கே டப்ளின் குளிரில் நீயும் கம்பளி போட்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சுகமாய் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உன்னைத்தான் முதலில் சொல்கிறேன். 'இந்த நிமிடம் வரை' என்று எழுதிவிட்டேன், எழுதின பிறகு அடிக்கலாமா என்று பார்த்தேன், அடிக்கவில்லை. போனில் சொன்னால் பாதியில் நீ கத்துவாய், நான் அழுவேன், சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்காமலே போனை வைத்துவிடுவோம். அதனால்தான் கையால் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு, போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். மொத்தம் பதினொரு பக்கம். எண்ணிப் பார்த்துவிட்டுப் படிக்க ஆரம்பி, ஒன்று குறைந்தாலும் கேள்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை, முழங்கால்தான் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை, மனிதரும் அப்படித்தான். உன் அண்ணன் கோலினுக்கு லூமுட்டில் ஒயரிங் வேலை கிடைத்திருக்கிறது, வாரக் கடைசியில்கூட வருவதில்லை. மழை மூன்று வாரமாக விட்டபாடில்லை, ஈப்போவில் பெய்வதைவிட கோப்பெங் பக்கம் இரண்டு பங்கு பெய்கிறது. துணி காயவில்லை, எதைத் தொட்டாலும் ஈரம், போன வாரம் என் செருப்பில் பூஞ்சை பிடித்துவிட்டது. இதெல்லாம் சின்ன விஷயம், பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போன மாதம் கேட்டிருந்தாய் அல்லவா, ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவே எழுதிய அந்த ஆய்வேட்டை மூன்று தடவை படித்தாயிற்று, கண் ஒரு பிழையையும் பிடிக்க மாட்டேன் என்கிறது, நீ எப்படிம்மா திருத்துவாய் என்று. நான் உடனே பதில் எழுதவில்லை. சோம்பல் இல்லை மகளே, வெட்கம். தெரிந்ததை முதலில் சொல்கிறேன், வெட்கத்தைப் பிறகு சொல்கிறேன். எழுதினவளுடைய கண்ணை நம்பக் கூடாது. அது தாளில் இருப்பதைப் பார்க்காது, மனசில் இருப்பதைத் தாளில் பார்த்துக்கொண்டு போய்விடும். அதனால் எழுதி முடித்ததும் இரண்டு நாள் பெட்டிக்குள் போட்டுவிடு, சூடு ஆறட்டும். பிறகு வேறு எழுத்தில், பெரிதாக, காகிதத்தில் அச்செடு, கம்ப்யூட்டர் திரையில் பார்த்தால் பார்த்துக்கொண்டே இருப்பாய், ஒன்றும் அகப்படாது. அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசி, கண் வழுக்கிக்கொண்டு போகிற இடத்தில் நாக்கு தடுக்கும். ஒரு தடவை கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கிப் படி, அப்போதுதான் கதை இழுத்துக்கொண்டு போகாது. எண்களுக்கென்று தனியாக ஒரு சுற்று, பெயர்களுக்கென்று தனியாக ஒரு சுற்று, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தால் எதையும் பார்த்ததாக ஆகாது. தோட்டத்து ஆபீசில் முப்பத்தொரு வருடம் நான் கிராணியாக இருந்து செக்ரோல் எழுதினேன், யார் வேலைக்கு வந்தார்கள் யார் வரவில்லை என்று பெயர் போடுகிற அந்த நீளப் புத்தகத்தில் என் கையால் ஒரு பெயர் பிசகியது கிடையாது. காரணம் ஒருவர் வாசிக்க ஒருவர் கோடு போடுவோம். நானே எழுதி நானே சரிபார்த்தது, இனிமேல் சொல்லப்போகிற அந்த ஒரு கடிதம்தான். அப்பா சொன்னார், கோலின்கிட்ட ஒரு தடவ காட்டு லா என்று. கிராணி எழுதியதை ஒயர் இழுக்கிறவன் என்னத்தைத் திருத்தப் போகிறான் என்று எனக்குத் திமிர்.

இப்போது அந்த வெட்கத்துக்கு வருகிறேன். கோப்பெங் பக்கத்து நம் பழைய வெள்ளைப்பாறைத் தோட்டம் உனக்கு நினைவிருக்கும், ஒன்பது வயது வரை அங்கேதானே இருந்தாய். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டு, தோட்டம் இரண்டு கை மாறி, ஆட்கள் எல்லாம் தாமான் வீடுகளுக்குக் குடிபோன பிறகும் கீழ் லயத்து வரிசை வீடுகளில் ஐந்து குடும்பம் போக்கிடமில்லாமல் தங்கிவிட்டது. லயத்துக்குப் பின்னால் இருக்கிற மலையை மேலே யாரோ டுரியான் மரம் போடுகிறேன் என்று படிபடியாக வெட்டி மொட்டையடித்துவிட்டார்கள். செப்டம்பரில் சரிவின் குறுக்கே ஒரு வெடிப்பு கண்டது. முதலில் விரல் நுழைகிற அளவு, பத்து நாளில் கை நுழைந்தது. நல்லம்மாள் அக்கா, லயத்து மூத்த ஆள், பஸ் ஏறி ஈப்போ வந்து என் வாசலில் நின்று, கிராணியம்மா, நீங்க ஒரு கடுதாசி போட்டாத்தான் மாவட்ட ஆபீஸ்காரங்க திரும்பிப் பாப்பாங்க, எங்களுக்கு மலாய்ல பேசத்தான் வரும், எழுத வராது என்று சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேலையை விட்டு எட்டு வருடம் கழித்து என் பேனாவைத் தேடி ஒருத்தி வருகிறாளே என்று அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கடிதத்தை எப்படி எழுதினேன் தெரியுமா. வெடிப்பின் நீளம், எந்தத் தேதியில் எவ்வளவு, வீட்டிலிருந்து எத்தனை அடி, எல்லாம் போட்டேன். ஐந்து வீட்டு ஆட்களின் பெயர், வயது, ஐசி அட்டை எண் எல்லாவற்றையும் நகலோடு ஒத்துப் பார்த்தேன். மேலே உனக்குச் சொன்ன அத்தனையும் செய்தேன், அடிமட்டம், வாய்விட்டு, கீழிருந்து மேல், எண்ணுக்கு ஒரு சுற்று, பெயருக்கு ஒரு சுற்று. ஏழு முறை. கடைசியில் கடிதம் கெட்டியாக நிற்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன், மேற்கண்டவர்களைத் தவிர இந்த இடத்தில் வேறு யாரும் குடியிருக்கவில்லை என்று. அந்த வாக்கியத்தின்மேல் எனக்கு ஒரு மயக்கமே இருந்தது. கையெழுத்துப் போட்டு, பழைய பதவியையும் கீழே எழுதி அனுப்பினேன். சும்மா சொல்லக்கூடாது, ஆபீஸிலிருந்து இரண்டே வாரத்தில் ஆள் வந்தார்கள், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கூப்பிட்டுக் கோடு போட்டார்கள், ஐந்து குடும்பத்துக்கும் டவுன் பக்கம் அடுக்குமாடியில் தற்காலிக வீடு ஒதுக்கிவிட்டார்கள். இவ்வளவு சுத்தமான கடிதம் வந்ததில்லை என்று அந்த மலாய்ப் பெண் அதிகாரி நல்லம்மாளிடம் சொன்னாளாம். நான் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

சாமான் ஏற்றுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயத்தில் எல்லோரும் சேர்ந்து ஆக்கினார்கள். கோழிக்கறி, ரசம், அப்பளம், எனக்குப் பொன்னாடை வேறு போட்டார்கள். நல்லம்மாள் அக்கா, கிராணியம்மா, அந்தக் கடுதாசிய எல்லாருக்கும் ஒருவாட்டி படிச்சுக் காட்டுங்க, எங்க பேரெல்லாம் மலாய்ல எப்படி இருக்குன்னு கேக்கணும் என்றாள். எழுந்து நின்று படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டினார்கள், சின்னப் பிள்ளைகள் பெயருக்கு விசில் வேறு. முடித்துவிட்டு நான் கை கழுவப் போனபோது குழாயடியில் இருளாயி என் பக்கத்தில் வந்து நின்றாள். நீ முதன்முதலாக நன்மை வாங்கின அன்று உன் புதுநன்மை கவுனில் கோழிக்குழம்பைக் கொட்டினாளே, அந்த இருளாயிதான். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், கிராணியம்மா, எல்லார் பேரும் வந்துச்சு, எம்பேரு அடுத்த பக்கத்துலயா இருக்கு என்று.

ஜானிஸ், என் கை ஈரத்தோடு அப்படியே நின்றுவிட்டது. அவள் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. லயத்துக்குக் கடைசியில் உரம் வைக்கிற கொட்டகை இருக்குமே, அதில்தான் அவள் இருபத்தாறு வருடமாக இருக்கிறாள், மலைக்கு எல்லாரையும்விடக் கிட்டத்தில். அவளுக்குக் குடியுரிமை உள்ளவர்களின் நீல ஐசி கிடையாது, சிவப்பு ஐசிதான், அதனால் தோட்டத்தில் நேராக வேலை கொடுக்காமல் காண்ட்ராக்ட்காரன் பேரில் புல் வெட்டினாள். காண்ட்ராக்ட் ஆட்களைச் செக்ரோலில் எழுத மாட்டோம், மொத்தமாக ஒரு வரி, அவ்வளவுதான். கொட்டகைக்கு வீட்டு எண்ணும் கிடையாது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எல்லாரும் வரிசையாய் நிற்கும்போது அவள் எனக்கு நேர் எதிரே மாமரத்தடியில் மண்வெட்டியோடு தனியாக நிற்பாள், நான் வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பெயர் போட்டுவிட்டுப் புத்தகத்தை மூடுவேன். வீடு எழுது என்று என் கையிடம் சொன்னால் அது செக்ரோல் வரிசையில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எழுதிவிட்டு நின்றுகொள்கிறது. யாரும் ஏய்க்கவில்லை, யாரும் சொல்லித்தரவில்லை, பழக்கம். ஏழு முறை வாசித்தேனே, எழுதியிருந்ததைத்தான் வாசித்தேன். விட்டுப்போனவளைக் காட்டுகிற அடிமட்டம் எங்கே விற்கிறது என்று தெரிந்தால் சொல். நல்லம்மாளுக்கும் தோன்றவில்லை, மற்ற யாருக்கும் தோன்றவில்லை, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள்.

அதைவிடக் கேவலம் ஒன்று சொல்லட்டுமா. அவள் கேட்டதும் நான், இருக்கு இருக்கு, உன்னுது வேற தாள்ல போயிருக்கு என்று சொல்லிவிட்டேன். அறுபத்தாறு வயதில் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு பொய் சொன்னேன். அவள், அதானே, கிராணியம்மா எழுதினா சரியாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அண்டா கழுவப் போய்விட்டாள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன், மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். மூன்று மந்திரத்தில் தீருகிற காரியமா இது.

மறுநாளே ஆபீசுக்கு ஓடினேன். அந்தப் பெண் மரியாதையானவள், மக்சிக் என்று அத்தை முறை வைத்துக் கூப்பிட்டு உட்காரவைத்து, என் கடிதத்தையே எடுத்து என் கடைசி வாக்கியத்தின்மேல் விரல் வைத்து, இத நீங்கதானே எழுதினீங்க, இத நம்பித்தான் கோப்பை முடிச்சோம் என்று சொன்னாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. புதிதாகக் கடிதம் கொடுங்கள், நான் நேரில் வந்து அங்கே ஆள் குடியிருப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் சேர்க்க முடியும், அதற்கு முன்னால் நாள் எல்லாம் மற்ற இடங்களுக்கு ஒதுக்கியாயிற்று, இரண்டு வாரம் கழித்து, இந்த வருகிற திங்கள்தான் முடியும் என்றாள். அது பன்னிரண்டு நாளுக்கு முன்னால். இந்தப் பன்னிரண்டு நாளும் மழை.

நீ உடனே கேட்பாய், அந்த அம்மாவை நம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டியதுதானே என்று. நான் கேட்காமல் இருப்பேனா, உண்மையையும் சொல்லித்தான் கேட்டேன். வேறு தாள் எதுவும் இல்லை, நான் மறந்துவிட்டேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவள் கையை விடுவித்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, ஆள் இல்லாத வூட்டக் கழட்டுறானுங்க கிராணியம்மா, நல்லம்மா வூட்ல கதவு சன்னல் தகரம் எல்லாம் போயிருச்சு, நா ஒருநாள் எழுந்திருச்சு வந்தா கொட்டக இருக்காது, அப்புறம் அந்தப் பொம்பள வந்து எத்தப் பாப்பா என்றாள். ஐந்து வீட்டையும் நான் கண்ணால் பார்த்தேன், பல் பிடுங்கின வாய் மாதிரி நிற்கின்றன. கோலின் லூமுட்டிலிருந்தே தீயணைப்புக்காரர்களுக்குப் போன் போட்டான், வந்தார்கள், உடனே காலி செய்யுங்கள் என்று சொல்லி மஞ்சள் நாடா கட்டிவிட்டுப் போனார்கள். காலி செய்துவிட்டு எங்கே போவது என்று நாடாவில் எழுதியிருக்கவில்லை.

வெடிப்பு இப்போது ஓர் ஆள் இறங்கி நிற்கிற அளவு. மழை இல்லாத நேரத்திலும் ஓடைத் தண்ணீர் செம்மண்ணாக வருகிறது. சரிவில் மிச்சமிருக்கிற செம்பனை நான்கைந்து லயத்துப் பக்கம் சாய்ந்து நிற்கிறது, போன வாரம் இரண்டுதான் சாய்ந்திருந்தது. லயத்து நாய்கள் இரண்டும் நேற்றிலிருந்து காணோம், சோறு வைத்தால்கூட வரவில்லை. கொட்டகைக் கதவு நேற்று வரை சாத்த வந்தது, இன்று காலையிலிருந்து நிலையில் இடிக்கிறது, தோளால் தள்ளினாலும் மூட மாட்டேன் என்கிறது. கதவு ஈரத்தில் உப்பியிருக்கும் என்று இருளாயி சொல்கிறாள். தகரக் கதவு, உப்பாது. அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை.

கதவு விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்று இதற்குள் உனக்குப் புரிந்திருக்கும். ஆமாம் மகளே, நான் இங்கேதான் இருக்கிறேன். நேற்று காலை அப்பாதான் காரில் கொண்டுவந்து விட்டார், மூன்று நாள் சண்டை போட்டுவிட்டுத்தான். என்ஜினை நிறுத்தாமல் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பிறகு என் பிரஷர் மாத்திரையையும் டார்ச்சையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, திங்கக்கெழம பத்து மணிக்கு வாரேன் என்று மட்டும் சொன்னார். கோலினிடம் மட்டும் மூச்சுக் காட்டாதே, அவன் வந்து என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவான். எனக்கு வீரம் ஒன்றும் இல்லை ஜானிஸ், பயந்து சாகிறேன், மேலே ஒரு கல் உருண்டால் எழுந்து வாசலுக்கு ஓடுகிறேன். ஆனால் அவளை இந்த இடத்தில் உட்காரவைத்தது மலையை வெட்டியவன் பாதி, நான் பாதி. ஈப்போவில் மெத்தையில் படுத்துக்கொண்டு மழைச் சத்தத்தைக் கேட்க என்னால் முடியவில்லை.

இப்போது நீ எனக்கு ஒரு வேலை செய்ய வேண்டும். கடைசி இரண்டு பக்கம் புதுக் கடிதம், மலாய் உனக்கு மறந்திருக்காது. என் மகளாகப் படிக்காதே, இந்த மலையைக் கண்ணால் பார்க்காத, இங்கே ஒருத்தரையும் தெரியாத ஒரு ஆளாகப் படி. எங்கே புரியவில்லையோ அங்கே கோடு போடு. வெட்கப்பட்டுக்கொண்டு விடாதே, அம்மா எழுதினா சரியாத்தான் இருக்கும் என்று நீயும் சொல்லிவிடாதே. பிறகு தாளை மூடிவைத்துவிட்டு, யாரைக் காணோம், எதைக் காணோம் என்று யோசி. இருளாயிக்கு நான் இரண்டு முறை வாசித்துக் காட்டிவிட்டேன், இந்தத் தடவை அவள் திருத்தினாள், வயது அறுபத்து மூன்று என்று போட்டிருந்தேன், அறுபத்தொண்ணு லா என்றாள். உன் ஆய்வேட்டுக்கும் இதைத்தான் சொல்வேன், அதில் எழுதியிருக்கிற நோயாளிகளில் ஒருவரையாவது உட்காரவைத்து வாசித்துக் காட்டு, அவர்கள் முகத்தைப் பார், பேராசிரியர் முகத்தைப் பிறகு பார்க்கலாம்.

இன்றைக்கே பார்த்துச் சொல், நாளை உட்கார்ந்து நல்ல பிரதி எடுக்க வேண்டும். வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொள், பட்டினி கிடக்காதே, பூசைக்குப் போகாமல் இருக்காதே. தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நீ கேட்டதும் கேட்காததும் நல்லபடியாகக் கிடைக்கட்டும். அம்மாவின் முத்தங்கள்.

மறக்காமல் ஒன்று. அந்தப் பெண் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வருவாள், பத்தரைக்கு நீ எனக்குப் போன் போடு, உன் ஊரில் விடிந்திருக்காது, எழுந்துகொள். நான் எடுக்கவில்லை என்றால் அப்பாவுக்குப் போடு. அவரும் எடுக்கவில்லை என்றால் அந்தக் கடைசி இரண்டு பக்கத்தையும் ஆபீசுக்கும் தீயணைப்புக்கும் நீயே அனுப்பிவிடு. கொட்டகையில் குடியிருப்பவர்கள் என்ற இடத்தில் இருளாயி பெயருக்குக் கீழே என் பெயரையும் ஐசி எண்ணோடு எழுதியிருக்கிறேன், பிழை என்று நினைத்து அடித்துவிடாதே. தோண்டுகிறவர்கள் ஒருத்தியோடு நிறுத்திவிடக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா,
எல்ஸி ஆம்புரோஸ்
உரக் கொட்டகை, கீழ் லயம், வெள்ளைப்பாறைத் தோட்டம்